இருநூறு தினார் நோட்டில் ஒரு கையெழுத்து

என்னிடம் யூகோஸ்லாவியா நோட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று 1993-இல் அச்சடித்த 50,000 கோடி தினார் நோட்டு. ஐந்துக்குப் பின்னால் பதினோரு சைபர். அதில் இருக்கும் தாடிக்காரர் யோவன் யோவனொவிச் ஸ்மாய், குழந்தைகளுக்குப் பாட்டு எழுதிய கவிஞர். பாவம், அவர் தலையில் இத்தனை சைபரைக் கட்டியிருக்க வேண்டாம். இன்னொன்று 2001-ஆம் வருட 200 தினார், நதேஷ்தா பெத்ரோவிச் என்ற பெண் ஓவியரின் படம் போட்டது.

முப்பது வருஷம் வங்கி கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவன் நான். எந்த நோட்டு கைக்கு வந்தாலும் கண் முதலில் கையெழுத்துக்குத்தான் போகும். அந்த 200 தினார் நோட்டில் இருப்பது ம்லாஜான் டிங்கிச்சின் கையெழுத்து. மத்திய வங்கி கவர்னராக இருந்து, பிறகு அரசியலுக்குப் போன பொருளாதார நிபுணர். "பொருளாதாரம் படித்தவர்கள் அரசியலுக்கு வந்தால் நாடு உருப்படும்" என்று நண்பர் ஒருவர் பதிவு போட்டிருந்தார். அதைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது இந்தக் கையெழுத்துதான். கமெண்டில் சொல்லப் போய் நீண்டுவிட்டதால் தனிப் பதிவு.

டிங்கிச் 1964-இல், யூகோஸ்லாவியாவின் (இன்று செர்பியாவின்) தலைநகரான பெல்கிரேடில் பிறந்தவர். அங்கேயே பொருளாதாரம் படித்து, படித்த இடத்திலேயே பாடம் நடத்தப் போனவர். அவர் இளம் ஆசிரியராக இருந்த காலம்தான் முக்கியம். 1992-இல் ஐ.நா. தடை வந்தது, பக்கத்தில் போர், செர்பிய அதிபர் மிலோசெவிச்சின் ஆட்சி. கஜானாவில் காசு இல்லை. அச்சகம் மட்டும் இருந்தது. 1994 ஜனவரியில் ஒரே மாதத்து விலையேற்றம் 31 கோடி சதவீதத்துக்கும் மேல். அச்சுப்பிழை இல்லை. விலை ஒன்றரை நாளுக்குள் இரண்டு மடங்காகிக்கொண்டிருந்தது. மின்கட்டண பில்லைக் கொஞ்ச நாள் தள்ளிப் போட்டால் கட்ட வேண்டியது தூசு. ஓய்வூதியம் வாங்கி வீட்டுக்குப் போவதற்குள் அதுவும் தூசு. கண்டக்டர் கொடுக்கிற சில்லறையைப் போல, வாங்கின கையோடு செலவழிக்க வேண்டிய பணம்.

மக்கள் நம்பியது ஜெர்மன் மார்க்கை மட்டும். தெருமுனைகளில் ஆட்கள் நின்றுகொண்டு "தெவிஸெ, தெவிஸெ" என்று முணுமுணுப்பார்கள், அந்நியச் செலாவணி என்று அர்த்தம். தினார் கொடுத்து மார்க் வாங்குவார்கள். அந்தத் தினார் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. வங்கியில் மக்கள் போட்டு வைத்திருந்த மார்க்கை அரசு முன்பே முடக்கிவிட்டது. வீட்டில் ஒளித்து வைத்திருந்ததையும் கறக்க வேண்டும். அச்சகத்திலிருந்து சுடச்சுட வந்த நோட்டு, வேண்டப்பட்ட வங்கிகள், நிறுவனங்கள் வழியாகத் தெருவுக்கு வந்து, அம்மாவின் பெட்டியடியில் இருந்த மார்க்கை வாங்கிக்கொண்டு போனது. இரண்டு நாளில் அம்மா கையில் இருந்தது வெறும் காகிதம்.

அது போதாதென்று இரண்டு 'தனியார் வங்கிகள்'. தஃபினா மிலானொவிச் என்ற பெண்மணியின் தஃபிமென்ட், யெஸ்திமிர் வசிலியெவிச்சின் யுகோஸ்காண்டிக். அந்நியச் செலாவணி டெபாசிட்டுக்கு மாதத்துக்கே பத்து சதவீதத்துக்கு மேல் வட்டி. செஸ் ரசிகர்களுக்கு வசிலியெவிச் பெயர் தெரிந்திருக்கும். 1992-இல் ஸ்வேதி ஸ்தேஃபானிலும் பெல்கிரேடிலும் ஃபிஷரும் ஸ்பாஸ்கியும் மறுபடி மோதினார்களே, 50 லட்சம் டாலர் பரிசு, அதை நடத்தியவர் இவர்தான். நாமெல்லாம் ஃபிஷர் திரும்பி வந்ததைத்தான் பார்த்தோம், பணம் யாருடையது என்று யார் பார்த்தார்கள்? மறு வருஷம் மார்ச்சில் ஆள் நாட்டை விட்டே போய்விட்டார். தஃபிமென்ட்டும் படுத்தது.

இந்தக் கதை முழுவதையும் கணக்குப் போட்டு 1995-இல் ஒரு புத்தகமாக்கினார் டிங்கிச். 'அழிவின் பொருளாதாரம்' என்று பெயர், 'மக்களின் மீதான மாபெரும் கொள்ளை' என்று உபதலைப்பு. அப்போது அவருக்கு வயது முப்பது. மிலோசெவிச் அதிகாரத்தில் இருக்கும்போதே, இன்னார் இப்படி எடுத்தார்கள் என்று எழுதுவதற்குத் தைரியம் வேண்டும். அந்த ஒன்றுக்காகவே அவர் மீது எனக்கு மரியாதை. கீழே நான் திட்டப்போவதை இந்த மரியாதையோடு சேர்த்துப் படியுங்கள்.

இடையில் ஒரு கிழவரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. விலையேற்றத்தை நிறுத்தியவர் டிங்கிச் இல்லை, திராகொஸ்லாவ் அவ்ராமொவிச். உலக வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அப்போது வயது 74. 1994 ஜனவரி 24-ஆம் தேதி புதிய தினார், ஒரு தினாருக்கு ஒரு மார்க். கையிருப்பில் இருக்கும் தங்கமும் செலாவணியும் எவ்வளவோ அவ்வளவுதான் நோட்டு. கொட்டிக்கொண்டிருந்த குழாயைத் திருகி மூடியது மாதிரி நின்றது. ஜனங்கள் அவரை 'அவ்ராம் தாத்தா' என்று கூப்பிட்டார்கள். 1996 மே மாதம் அவரை மத்திய வங்கி கவர்னர் பதவியிலிருந்து நீக்கினார்கள். எதிர்க்கட்சிக் கூட்டணி அதே வருஷம் அவரைத் தலைவராக நிறுத்தப் பார்த்தது, உடல்நிலையைச் சொல்லித் தேர்தலுக்கு முன்பே விலகிவிட்டார். 2001-இல் காலமானார்.

டிங்கிச்சும் மிரொல்யுப் லாபுஸும் மற்ற பொருளாதார நிபுணர்களும் சேர்ந்து அமைத்த குழுதான் ஜி17. பதினேழு பேர், அதனால் அந்தப் பெயர். முதலில் ஆய்வுக்குழு, பிறகு அரசுசாரா அமைப்பு, 2002 இறுதியில் கட்சி. எனக்கென்னவோ அந்த மூன்றாவது படியில்தான் கால் வழுக்கியது என்று தோன்றும். ஆனால் அதற்கு முன் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

2000 அக்டோபர் 5-ஆம் தேதி மிலோசெவிச் வீழ்ந்தார். நவம்பரில் டிங்கிச் மத்திய வங்கி கவர்னர். முப்பத்தாறு வயதுகூட நிறையவில்லை. கொள்ளையைப் பற்றிப் புத்தகம் எழுதியவன் கையிலேயே கல்லாப்பெட்டிச் சாவி. அரசு சொல்லும் மாற்று விலை, தெரு சொல்லும் விலை என்று இரண்டு இருந்ததை ஒன்றாக்கினார், மார்க்குக்குச் சுமார் 30 தினார். தெவிஸெ முணுமுணுத்தவர்களுக்குப் பிழைப்பு போயிற்று. 2001 கடைசியில் மார்க் யூரோவாக மாற வேண்டிய கட்டாயம் வந்தபோது, மெத்தைக்கடியில் கிடந்ததெல்லாம் வங்கிகளுக்கு வந்தது. 'ஸ்லாமாரிட்சா' என்று அவர்கள் சொல்வது வைக்கோல் மெத்தையை, அந்த வார்த்தைக்கே வீட்டுச் சேமிப்பு என்ற பொருளும் உண்டு.

2002 ஜனவரி. புத்தாண்டு முடிந்த கையோடு நாட்டின் நான்கு பெரிய வங்கிகளை இழுத்து மூடினார்: பெயோபாங்கா, பெயோக்ராட்ஸ்கா, யுகோபாங்கா, இன்வெஸ்ட்பாங்கா. பெயோக்ராட்ஸ்கா என்பது மிலோசெவிச் ஒரு காலத்தில் தலைவராக இருந்த வங்கி. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். சங்கத்தில் இருந்தவன் என்ற முறையில் நான் இதைக் கண்டிக்க வேண்டும். முடியவில்லை. அந்த வங்கிகளில் இருந்தது கடன் மட்டும். வெளிநாட்டுக் கடன், வேண்டப்பட்டவர்களுக்குக் கொடுத்துத் திரும்பாத கடன். உள்ளே ஒன்றுமில்லாத கட்டடத்தில் கவுண்டர் திறந்து வைத்து, எதிரில் நிற்கும் ஆளிடம் "நாளைக்கு வாங்க" என்று தினமும் சொல்வதைவிட ஷட்டரை இறக்குவது மேல். வெளிநாட்டு வங்கிகளுக்குக் கதவைத் திறந்துவிடத்தான் மூடினார் என்று அந்த நாட்டில் இன்றும் சொல்கிறார்கள். அவை வந்ததும், பெரும்பகுதியைப் பிடித்ததும் உண்மை. இருந்தாலும் நானாக இருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

அதே வருஷம் இன்னொரு காரியம், அதிகம் பேசப்படாதது. முடங்கிப்போன பழைய செலாவணிச் சேமிப்பைக் கடன் பத்திரங்களாக மாற்றி வருஷா வருஷம் தவணையில் தர சட்டம் வந்தது. கடைசித் தவணை 2016 மே மாதம். இடையில் எத்தனையோ அரசு மாறியது, தவணை நிற்கவில்லை. தொண்ணூறுகளில் 'போச்சு' என்று கைகழுவிய பணம் பலருக்கு வந்து சேர்ந்தது. அரசு சொன்ன தேதியில் சொன்ன தொகை கைக்கு வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்று டெபாசிட்டர் முகத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

2003 மார்ச்சில் பிரதமர் ஜின்ஜிச் சுட்டுக்கொல்லப்பட்டார். ஜூலையில் புதிய மத்திய வங்கிச் சட்டம் வந்து டிங்கிச் பதவி போனது. புதிய கவர்னரைத் தேர்ந்தெடுத்த வாக்கெடுப்பில் ஒரு கூத்து: நடிகையும் எம்.பி.யுமான ஒருவர் துருக்கியின் போத்ரும் கடற்கரையில் விடுமுறையில் இருக்க, அவருடைய வாக்கு பெல்கிரேடில் விழுந்திருந்தது. டிங்கிச்சின் கட்சியான ஜி17 பிளஸ் அதை அம்பலப்படுத்தி டிசம்பர் தேர்தலில் 34 இடம் பிடித்தது.

இனி நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2004-இல் நிதியமைச்சர். 2005 ஜனவரி 1 முதல் மதிப்புக் கூட்டு வரி, 18 சதவீதம். 2006-இல் மொபி 63 என்ற கைப்பேசி நிறுவனத்தை நார்வேயின் டெலிநாருக்கு 151 கோடி யூரோவுக்கு விற்றார்கள், நல்ல விலை. போர்க்குற்றவாளி ம்லாதிச்சைப் பிடித்துக் கொடுக்காததால் ஐரோப்பிய ஒன்றியம் பேச்சை நிறுத்தியபோது, அதைக் காரணம் காட்டி அக்டோபரில் கட்சியோடு ராஜினாமா செய்தார். 2007-இல் திரும்பவும் அரசில், இந்த முறை பொருளாதார அமைச்சர். அவர் கிடார் வாசிப்பார், ஒரு ராக் குழுவும் வைத்திருந்தார். அதன் பெயர் 'மொனெடார்னி உதார்', பணக்கொள்கைத் தாக்குதல். நகைச்சுவை உணர்வு உள்ள மனிதர்தான்.

இப்போது 2008. நான் இந்தப் பதிவை எழுதக் காரணமே இந்த வருஷம்தான்.

அரசு நிறுவனங்களின் பங்குகளை மக்களுக்கு இலவசமாகத் தருவோம் என்றார். எண்ணெய் நிறுவனம் நிஸ், டெலிகாம், மின் நிறுவனம், யாட் விமான நிறுவனம், பெல்கிரேடு விமான நிலையம், கலெனிகா மருந்து நிறுவனம். ஒவ்வொன்றிலும் 15 சதவீதம் மக்களுக்கு. முந்தைய தனியார்மயத்தில் எதுவும் கிடைக்காத, பதினெட்டு வயது நிரம்பிய எல்லோருக்கும் உண்டு. அதற்கு அவர் ஒரு தொகையும் சொன்னார்: தலைக்கு ஆயிரம் யூரோ. ஏறக்குறைய 48 லட்சம் பேர் பதிவு செய்தார்கள். 48 லட்சத்தை ஆயிரத்தால் பெருக்குங்கள். 480 கோடி யூரோ. அது வெறும் 15 சதவீதத்தின் மதிப்பு என்றால், அந்த ஆறு நிறுவனங்களின் முழு மதிப்பு 3,200 கோடி யூரோவாக இருக்க வேண்டும். அந்த ஆண்டு செர்பியாவின் மொத்த உள்நாட்டு உற்பத்திக்குக் கிட்டத்தட்ட நிகரான தொகை. கவுண்டரில் உட்கார்ந்த எனக்கு ஒரு நிமிஷத்தில் வருகிற கணக்கு.

அவருக்கு வராதா? மாதம் பத்து சதவீத வட்டி எங்கிருந்து வரும் என்று ஒரு நாட்டுக்கே பெருக்கிக் காட்டியவர். வேறு அரசியல்வாதி இதைச் சொல்லியிருந்தால் 'தெரியாமல் உளறுகிறான்' என்று நகர்ந்திருப்பேன். ஜனங்கள் நம்பியதற்குக் காரணமும் அதுதான், சொன்னவர் அந்தப் புத்தகத்தை எழுதியவர் ஆயிற்றே.

என்ன நடந்தது? 2010 ஜனவரியில் நிஸ் பங்குகள் வந்தன, ஆளுக்கு ஐந்து. சந்தையில் விற்றால் இருபது முப்பது யூரோ. நிஸ்ஸின் 51 சதவீதம் 2008 டிசம்பரிலேயே 40 கோடி யூரோவுக்கு ரஷ்யாவின் காஸ்ப்ரோம் நெஃப்ட்டுக்குப் போய்விட்டது. அந்த விலை அநியாயம் என்று அமைச்சரவையில் இருந்துகொண்டே எதிர்த்தவர் டிங்கிச், அதையும் சொல்லிவிட வேண்டும். விமான நிலையப் பங்கு கொஞ்சம் வந்தது. டெலிகாம் பங்கு சந்தைக்கே வரவில்லை. மின் நிறுவனப் பங்கு வரவே இல்லை. 2008-இல் உலகமே சரிந்தது என்று அவர் தரப்பில் சொல்வார்கள். சரிந்தது உண்மை. ஆயிரத்தை முப்பதாக்கும் அளவுக்கு அந்தச் சரிவு இல்லை.

அதே 2008-இல், மே மாதத் தேர்தலுக்குச் சில நாள் முன்பு க்ராகுயேவாட்ஸ் நகரத்து ஸஸ்தாவா தொழிற்சாலைக்காக ஃபியட்டோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. யூகோ கார் செய்த தொழிற்சாலை. இதைத் தேர்தல் நாடகம் என்றார்கள். ஆனால் செப்டம்பரில் உண்மையாகவே ஒப்பந்தம் வந்தது, ஃபியட் 67 சதவீதம், அரசு 33. 2012-இல் ஃபியட் 500எல் வெளியே வந்தது. அரசு கொடுத்த சலுகை அதிகம் என்று திட்டலாம், ஆனால் கார் ஓடியது. அதனால் அதில் எனக்குப் புகார் இல்லை.

2011 பிப்ரவரியில் சொந்த அரசையே வெளியில் விமர்சித்ததால் பிரதமர் அவரை நீக்க முன்வந்தார், அவர் பதவியை விட்டார். கட்சி 'செர்பியாவின் ஒன்றிணைந்த பிராந்தியங்கள்' என்று வேறு பெயரில் 2012 தேர்தலுக்குப் போய் 16 இடம் வாங்கியது. அடுத்து அவர் யாரோடு சேர்ந்தார் தெரியுமா? மிலோசெவிச்சின் பழைய கட்சியும், பின்னாளில் அதிபரான வுசிச்சின் கட்சியும் சேர்ந்த அரசில் நிதியமைச்சர். பிரதமர் தாசிச், ஒரு காலத்தில் மிலோசெவிச்சின் செய்தித் தொடர்பாளர். புத்தகத்தில் யாரைப் பற்றி எழுதினாரோ அவர்கள் பக்கத்து நாற்காலியில். அந்த அரசு வந்த சில நாளிலேயே மத்திய வங்கிச் சட்டத்தைத் திருத்தியது, அப்போதைய கவர்னர் ஷொஷ்கிச் ராஜினாமா செய்தார். ஒன்பது வருஷம் முன் இதே மாதிரிச் சட்ட மாற்றத்தில் நாற்காலி இழந்த டிங்கிச், அன்று மேஜைக்கு அந்தப் பக்கம். தானே 18 சதவீதமாகக் கொண்டுவந்த மதிப்புக் கூட்டு வரியை அக்டோபரில் 20 ஆக்கினார்.

2013 செப்டம்பரில் அமைச்சரவை மாற்றத்தில் வெளியே அனுப்பினார்கள். நிதித்துறைக்கு வந்தது இருபத்தொன்பது வயதுப் பையன் ஒருவர், அமெரிக்காவில் படித்தவர். அவரும் ஒரு வருஷம் தாங்கவில்லை. 2014 மார்ச் தேர்தலில் டிங்கிச்சின் கட்சிக்கு மூன்று சதவீதம் விழுந்தது. அப்போது நாடாளுமன்றத்துக்குள் போக ஐந்து வேண்டியிருந்தது. அரசியலை விட்டு விலகினார். அப்போது ஐம்பதுகூட ஆகவில்லை.

நண்பரே, உங்கள் பதிவுக்கு என் பதில் 'வேண்டாம்' என்பது இல்லை. கவர்னராக இருந்த டிங்கிச்சைத் தாராளமாக வரச் சொல்லுங்கள். ஓட்டுக் கேட்க வருகிற டிங்கிச் ஒரு தொகை சொன்னால், எத்தனை பேருக்கு என்று கேட்டு நீங்களே ஒரு தடவை பெருக்கிப் பாருங்கள்.

அந்த இரண்டு நோட்டையும் ஒரே வியாபாரியிடம்தான் வாங்கினேன். 50,000 கோடி நோட்டுக்கு ஒரு பைசா குறைக்க மாட்டேன் என்றார், கேட்டு வருகிறவர்கள் நிறையவாம். டிங்கிச் கையெழுத்துப் போட்ட இருநூறை, "யாரும் கேட்கிறதில்லை சார், இதையும் எடுத்துக்கோங்க" என்று கூடவே வைத்துக் கொடுத்தார்.