எல்லோருக்கும் அத்தோடு முடிவதில்லை
ஆரம்ப மாதங்களில் கரு கலைந்தால் 'டி அண்ட் சி (கருப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்வது) செய்துகொண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி முயலலாம்' என்று கருச்சிதைவு பற்றி நான் படித்த கட்டுரை முடித்துவிட்டது. என் தங்கைக்கு ஒன்பதாவது வாரம் கலைந்தது. சுத்தம் செய்தபின் நாலு மாதம் தீட்டே வரவில்லை, மாதாமாதம் அடிவயிற்று வலி மட்டும். 'ரத்தம் கம்மி, பேரீச்சம்பழம் சாப்பிடும்மா' என்று அனுப்பிவிட்டார்கள்! வேறொரு டாக்டர்தான் ஹிஸ்டரோஸ்கோப்பி (கருப்பைக்குள் சின்ன கேமரா விட்டுப் பார்ப்பது) செய்து, கருப்பையின் உட்சுவர்கள் தழும்பேறி ஒட்டிக்கிடப்பதைக் கண்டுபிடித்தார். ஆஷர்மன் சிண்ட்ரோம். 1948-லேயே ஜோசப் ஆஷர்மன் என்ற டாக்டர் விவரித்த விஷயம். அரிதுதான், ஆனால் சுரண்டும்போது உட்படலத்தின் அடி அடுக்கு சேதமானால் வரும். சாதாரண ஸ்கேனில் பல நேரம் பிடிபடாது. கேமரா வழியாகவே ஒட்டலை வெட்டிவிட்டு ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் மாத்திரை கொடுத்தார்கள், இப்போது தீட்டு ஒழுங்காக வருகிறது. சுரண்டாமல் மாத்திரையிலோ, உறிஞ்சி எடுத்தோ முடிக்கும் வழிகளையும் ஒரு வரி எழுதியிருக்கலாமே?