மறித்த மணலை வடக்கே விடுங்கள்
கடலரிப்பு பற்றிய உங்கள் கட்டுரை, கடல்மட்ட உயர்வை மட்டுமே அதற்குக் காரணமாகச் சொல்கிறது. புதுச்சேரியையும் பாருங்கள். சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980களின் இறுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீட்டிய அலைதடுப்புச் சுவர்கள் அதை மறித்தன. தெற்கே மணல் குவிந்தது; வடக்கே நகரத்தின் கடற்கரையே காணாமல் போனது. அரிப்பைத் தடுக்கக் கரையில் பாறை கொட்டினார்கள். சரி, நகரம் தப்பியது. ஆனால் அரிப்பு இன்னும் வடக்கே போய், தமிழ்நாட்டு எல்லைக்குள் தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என மீனவக் குப்பங்களைத் தாக்கியது. மணல் இல்லாவிட்டால் படகை எங்கே ஏற்றுவது, கரைவலையை எங்கே நின்று இழுப்பது, கருவாட்டை எங்கே காயவைப்பது? பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி கடலாமைகள்) முட்டையிடவும் இதே மணல்தான் வேண்டும். மறித்த மணலை வடக்கே கொண்டுசேர்க்கும் ஏற்பாடு துறைமுகத் திட்டத்திலேயே இருந்தது. முதலில் அதை ஒழுங்காகச் செய்யுங்கள், பாறை கொட்டுவது அப்புறம்.