பங்கருக்குள்ளும் ஒரு வேலிச் சண்டை

"போர் அவனைத் தலைகீழாக மாற்றிப்போட்டது" என்று ஒரு நாவலைப் பற்றி யாராவது சொன்னால், எனக்கு உடனே ஒரு சந்தேகம் வரும். மாற்றியது போரா, போரிலிருந்து திரும்பி வந்தவனிடம் கதை கேட்கக் காத்திருந்த சனமா? பழைய பெரிய நூல்களை வாசிக்க வாசிக்க எனக்கு இரண்டாவது பதிலில்தான் நம்பிக்கை கூடிக்கொண்டு போகிறது. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பொறுமை இருப்பவர்கள் வாசியுங்கள்.

டோல்ஸ்டோயின் 'போரும் சமாதானமும்' 1869-ல் முழு நூலாக வந்தது. அதில் நிக்கொலாய் ரொஸ்தோவ் என்று ஒரு பெடியன். பெரிய வீட்டுப் பிள்ளை. குதிரைப்படையில் சேர்ந்து 1805-ல் சண்டைக்குப் போகிறான். குதிரை சுடப்பட்டு விழுகிறது. கையில் காயம். எதிரே பிரெஞ்சுக்காரர்கள் ஓடி வருகிறார்கள். 'இவர்கள் என்னையா கொல்ல வருகிறார்கள்? எல்லாருக்கும் இவ்வளவு பிடித்த என்னையா?' என்று யோசிக்கிறான். கையிலிருந்த துப்பாக்கியால் சுட வேண்டியவன், அதை வந்தவன் மேல் எறிந்துவிட்டுப் பற்றைக்குள் ஓடித் தப்புகிறான்.

இது போர். ஆனால் எனக்கு முக்கியமான இடம் அப்புறம்தான் வருகிறது. கொஞ்ச நாள் கழித்து போரிஸ், பெர்க் என்ற இரண்டு பேருக்கு அந்தச் சண்டையைச் சொல்லத் தொடங்குகிறான். உள்ளதை உள்ளபடி சொல்வதுதான் அவன் எண்ணம். ஆனால் எதிரே இருப்பவர்கள் ஏற்கெனவே எத்தனையோ குதிரைப்படைக் கதைகளைக் கேட்டவர்கள். அதே மாதிரி ஒன்றைத்தான் இவனிடமும் எதிர்பார்க்கிறார்கள். உண்மையைச் சொன்னால் நம்ப மாட்டார்கள், இல்லையென்றால் பிழை இவன் மேல்தான் என்று நினைப்பார்கள். அதனால் அவனை அறியாமலே கதை மாறுகிறது. வாளை ஓங்கிப் பாய்ந்ததாகவும் எதிரிகளை வெட்டிச் சாய்த்ததாகவும் சொல்லிக்கொண்டே போகிறான். டோல்ஸ்டோய் இங்கே அவனைப் பொய்யன் என்று திட்டவில்லை. கேட்பவர்களின் முகத்தைத்தான் நமக்குக் காட்டுகிறார். அவர் தானே கிரிமியப் போரில் செவஸ்தபோலில் இருந்த ஆள். இப்படி எத்தனை பேர் கதை சொல்லக் கேட்டிருப்பார்!

அதே பெர்க் பிறகு வேறோர் இடத்திலும் வருவார். 1812, மொஸ்கோவைக் கைவிட்டு சனம் கிளம்புகிறது. ரொஸ்தோவ் வீட்டு முற்றத்தில் வண்டிகளில் சாமான் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். காயப்பட்ட சிப்பாய்கள் இடம் கேட்டுக் கெஞ்சுகிறார்கள். அந்த நேரம் பார்த்து, இப்போது அந்த வீட்டு மருமகனாகிவிட்ட பெர்க் வந்து, வழியில் ஒரு வீட்டில் நல்ல அலுமாரி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, தூக்கிக்கொண்டு வர ஆள் தர முடியுமா என்று மாமனாரிடம் கேட்கிறார். ஊரே காலியாகிறது, இவருக்கு அலுமாரி. சாமானை இறக்கிவிட்டுக் காயப்பட்டவர்களை ஏற்றச் சொல்லி நிக்கொலாயின் தங்கை நடாஷா சத்தம் போடுவதும் அதே முற்றத்தில்தான். போர் இந்த இரண்டு பேரையும் புதிதாகப் படைக்கவில்லை. பெர்க் முதல் அத்தியாயங்களிலிருந்தே சம்பளத்தையும் பதவியுயர்வையும் பற்றியே பேசிக்கொண்டிருந்த ஆள்தான்.

இதை நான் ஏன் இவ்வளவு பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்றால், கொழும்பில் இருந்த எங்களில் பலர் அந்த போரிஸ், பெர்க் இருந்த இடத்தில்தான் பல வருடம் இருந்தோம். கேட்கிற இடத்தில்.

2009-ல் போர் முடிந்த பிறகு வன்னியிலிருந்து தூரத்து உறவு அக்கா ஒருவர் கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்திருந்தார். ஃபிளாட் ஹால் நிறையச் சொந்தக்காரர். தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஆளாளுக்குக் கேள்வி. தண்ணி இல்லாமல் இருந்தீர்களாமே, பிணங்களைத் தாண்டித்தான் நடந்தீர்களாமே. அக்கா எல்லாவற்றுக்கும் 'ஓம், ஓம்' என்றார். கேட்டவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த கதையைத்தான் அவர் வாயால் திரும்பக் கேட்டார்கள். அழ வேண்டியவர்கள் அழுதார்கள். பிறகு அவர் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டு என்னோடு சும்மா கதைத்தார். அவருக்கும் மச்சாளுக்கும் ஒரு வேலிப் பிரச்சினை. சீதனக் காணியில் கதியாலை, அதுதான் வேலிக்கு நடும் தடியை, ஒரு முழம் தள்ளி நட்டுவிட்டார்களாம். அந்தக் கோபத்தோடேயே இரண்டு குடும்பமும் இடம்பெயர்ந்து, கடைசியில் ஒரே பங்கருக்குள் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

"ஷெல் வரேக்க மச்சாளின்ர சின்னவனை இழுத்து என்ர மடியில வச்சுக்கொள்ளுவன். சத்தம் நிண்டதும் திருப்பிக் குடுத்துப்போடுவன். ஆனா கதைக்கிறேல்ல."

ஹாலில் சொன்ன கதையில் மச்சாள் இல்லை. இருக்கவும் முடியாது. அத்தனை பேர் கண்ணீரோடு இருக்கும்போது கதியாலைப் பற்றிச் சொன்னால் 'இவவுக்கு இப்பவும் காணிச் சண்டையோ' என்று யாராவது முணுமுணுத்திருப்பார்கள். ஆனால் எனக்கு அந்த அக்கா முழு மனுசியாகத் தெரிந்தது குசினியில்தான். எங்களுடைய போர் இலக்கியத்தில் பெரும்பகுதி ஹாலிலேயே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் என் மனக்குறை.

சரி, டோல்ஸ்டோயை விடுங்கள், நமக்குப் பழக்கமான புறநானூற்றுக்கு வருவோம். 278-ஆம் பாட்டு, காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியது. மேடைகளில் முழங்கி முழங்கித் தேய்ந்த பாட்டு. நரம்பு தெரிய வற்றிய தோளுடைய கிழவி. அவள் மகன் போரில் புறங்கொடுத்து ஓடினான் என்று பலர் சொல்லக் கேட்கிறாள். அப்படி ஓடியிருந்தால் அவன் பாலுண்ட முலையை அறுத்தெறிவேன் என்று வாளோடு களத்துக்குப் போய்ப் பிணங்களைப் புரட்டித் தேடுகிறாள். சிதைந்து கிடந்த மகனைக் கண்டு, பெற்ற நாளைவிடப் பெரிதும் மகிழ்கிறாள். எல்லாரும் அந்தக் கிழவியின் வீரத்தைப் பேசுவார்கள். எனக்கு அந்தப் 'பலர்' யார் என்று தெரிய வேண்டும். களத்தைப் பார்க்காமலே ஒரு தாயின் காதில் விழும்படி கதைத்த அந்த அயலட்டை. அவர்கள் சொன்னது பொய். பொய் சொன்னதற்காக அவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. கிழவி மட்டும் வாளை எடுத்துக்கொண்டு போனாள். ஊர்வாய்க்குப் பயந்த ஒரு தாயின் கதையாகவும் இதை வாசிக்கலாம். பாட்டு அதற்கு இடம் தருகிறது.

அதே தொகையில் 248-ஆம் பாட்டும் இருக்கிறது. ஒக்கூர் மாசாத்தனார் பாடியது. புருசன் செத்துப்போன ஒருத்தி சொல்கிறாள்: சின்னப் பெண்ணாக இருந்தபோது இந்த ஆம்பல் எனக்குத் தழையாடையாக இருந்தது, இப்போது நேரந்தவறி உண்ணும் அல்லியரிசியாக இருக்கிறது. அவ்வளவுதான் பாட்டு. வாள் இல்லை, களம் இல்லை. ஒரு பெண் என்ன உடுக்கலாம், எந்த நேரத்தில் எதைச் சாப்பிடலாம் என்று ஊர் வைத்த கட்டுப்பாடுதான் இருக்கிறது. மேடைக்கு இந்தப் பாட்டை யாரும் கூட்டிக்கொண்டு போனதை நான் கண்டதில்லை. இரண்டையும் ஒரே நூலில் சேர்த்து வைத்தவர்கள் எங்களைவிடப் பெரிய மனம் படைத்தவர்கள்.

இப்போது கலிங்கத்துப்பரணி. இதைப் பற்றி எழுதாமல் இந்தப் பதிவை முடிக்க மாட்டேன். முதலாம் குலோத்துங்கனின் தளபதி கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றதைப் பாடியது. செயங்கொண்டாரின் சந்தம் படையே நடந்து போவது மாதிரி இருக்கும், அதில் மறுபேச்சு இல்லை. அதில் தோற்றோடும் கலிங்க வீரர்கள் எப்படித் தப்பினார்கள் என்று சில பாட்டு வரும். தலைமயிரைப் பறித்துக்கொண்டு, இடுப்புத் துணியும் போய், 'நாங்கள் அமணர்', அதாவது சமணத் துறவிகள், என்று தப்பினவர்கள். வில்லின் நாணை மடித்துப் பூணூலாகப் போட்டுக்கொண்டு, 'கங்கையில் நீராட வந்த இடத்தில் அகப்பட்டுக்கொண்டோம்' என்று தப்பினவர்கள். இரத்தத்தில் நனைந்த துணியைக் காவியாக உடுத்துப் புத்தத் துறவிகளானவர்கள். யானை மணியைத் தாளமாகப் பிடித்துக்கொண்டு, தெலுங்குப் பாணர் என்று கும்பிட்டவர்கள்.

பள்ளிக்கூடத்தில் இதைப் படித்தபோது வகுப்பே சிரித்தது. ஆசிரியரும் சிரித்தார். நகைச்சுவை என்றுதான் உரையும் சொல்லும். பாட்டு அரங்கேறிய இடம் வென்றவனின் அவை, அங்கே சிரிப்பு வருவது இயல்பு. ஆனால் வகுப்பில் இருந்த பலரின் வீட்டில் 1983 ஜூலைக் கலவரத்தில் பொட்டை அழித்துவிட்டுத் தெருவில் இறங்கிய அம்மா ஒருவர் இருந்தார். தெரிந்த நாலு வார்த்தை சிங்களத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு பஸ் ஏறிய அப்பா ஒருவர் இருந்தார். திருநீற்றைத் துடைத்துவிட்டு வேலைக்குப் போன சித்தப்பாமார் இருந்தார்கள். நாணைப் பூணூலாக்கிய அந்தக் கலிங்கனுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்? வகுப்பில் யாருக்கும் அது தோன்றவில்லை. வாசிக்கும்போது நாங்கள் சோழன் அவையில்தான் உட்கார்ந்திருந்தோம். அந்தக் கலிங்கர்களில் ஒருவன் வீட்டுக்குத் திரும்பிப் போய் மனைவியிடம் என்ன சொல்லியிருப்பான்? அந்தப் பூணூலை எங்கே கழற்றி வைத்திருப்பான்? ஒரு முழு நாவலுக்கான ஆள் அவன். இரண்டு அடிக்குள் சிரிப்புப் பொருளாக நின்றுவிட்டான்.

ஊர் ஒரு பாத்திரத்தை எந்த அளவுக்கு இழுத்து வளைக்கும் என்பதற்கு வீடணனை மிஞ்சிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை. எங்கள் பேச்சில் அந்தப் பெயர் ஒரு வசை. யாரையாவது விபீஷணன் என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ஆனால் கொழும்பிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் களனி வந்துவிடும். அங்கே ரஜ மகா விகாரையில் விபீஷணனுக்கு ஒரு தேவாலயம் இருக்கிறது. சனம் பூவும் பழமும் தட்டில் வைத்துக் கும்பிடுகிறது. 15-ஆம் நூற்றாண்டில் கோட்டை இராச்சியத்தில் எழுந்த செலலிஹினி சந்தேசய என்ற சிங்களத் தூதுக் காவியத்தில், மன்னனின் மகளுக்குப் பிள்ளைவரம் கேட்டு ஒரு பறவையைத் தூது அனுப்புவார்கள். அந்தத் தூது போவது களனி விபீஷணனிடம்தான். ஒரே ஆள். அண்ணனை விட்டு எதிர்ப்படைக்குப் போனவன் ஓரிடத்தில் துரோகி, இன்னோரிடத்தில் காவல் தெய்வம்.

கம்பன் இந்த இரண்டுக்குள்ளும் விழவில்லை. வீடணன் களத்தில் கும்பகருணனிடம் வந்து, இராமன் பக்கம் வந்துவிடு என்று கெஞ்சுகிறான். அண்ணன் செய்தது பிழை என்பது கும்பகருணனுக்கும் தெரியும். ஆனாலும், 'நீர்க்கோல வாழ்வை நச்சி நெடிதுநாள் வளர்த்துப் பின்னைப் போர்க்கோலம் செய்து விட்டாற்கு உயிர்கொடாது அங்குப் போகேன்' என்கிறான். தம்பியைத் துரோகி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீ போ, நீ தப்பிப் பிழைத்தால்தான் எங்களுக்கு நீர்க்கடன் செய்ய ஆள் இருக்கும் என்கிறான். சாகப்போகிறவன் தம்பிக்குக் கொடுத்த அந்த இடத்தை, போர் முடிந்து இத்தனை வருடமாகியும் நாங்கள் ஒருவருக்கொருவர் கொடுக்கவில்லை. ஒரு நாவல் வந்தால் முதல் கேள்வியே, இவர் எந்தப் பக்கத்து ஆள் என்பதுதான்.

'நீ சொல்வதைப் பார்த்தால் போரின் கொடுமையையே சின்னதாக்குகிறாய்' என்று நண்பர் ஒருவர் சண்டைக்கு வந்தார். எனக்கு அப்படித் தெரியவில்லை. கொடுமையை எண்ணிக்கையாகச் சொல்ல அறிக்கைகள் இருக்கின்றன. பாத்திரத்தை உண்டாக்க அலுமாரியும் கதியாலும் வேண்டும்.

அதோடு, போர் சிலருக்கு ஏணியாகவும் இருந்தது என்பதை ஒத்துக்கொள்ளும் துணிவும் வேண்டும். ஜேன் ஒஸ்டினின் 'பெர்சுவேஷன்' நாவலில் ஒரு துப்பாக்கிச் சத்தம்கூடக் கேட்காது. ஆனால் காசில்லாதவன் என்று தட்டிக்கழிக்கப்பட்ட வென்ட்வர்த், நெப்போலியன் காலத்துப் போரில் எதிரிக் கப்பல்களைப் பிடித்த பரிசுப் பணத்தோடு 25,000 பவுணுக்குச் சொந்தக்காரனாகத் திரும்பி வருகிறான். கடற்படை என்பது கண்டவனையும் பெரிய ஆளாக்கிவிடுகிறது என்று கதாநாயகியின் தகப்பனுக்கு ஒரே எரிச்சல். எங்களுக்குத் தெரிந்த பல கல்யாணங்களின் வரலாறும் இதுதான், கப்பலுக்குப் பதிலாக விமானம்.

அப்படிப் பார்த்தால் கொழும்பின் போர்க்கால மனிதர்கள் எங்கே? ஒரு அறைக்குள் ஆறு கட்டிலைப் போட்டு வாடகை வாங்கிய லொட்ஜ் முதலாளி. 2007 ஜூன் 7 அதிகாலை லொட்ஜுகளிலிருந்து முன்னூறுக்கும் அதிகமான தமிழரைப் பொலிஸ் பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பியபோது அவர் வாசலில் நின்று என்ன செய்தார்? அடுத்த நாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்ட பிறகு, திரும்பி வந்தவர்களிடம் அந்த இரவுக்கும் வாடகை கேட்டாரா? வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறேன் என்று பாஸ்போட்டுகளை லாச்சிக்குள் வைத்திருந்த ஏஜென்சிக்காரன் எங்கே?

எனக்கு எல்லாரிலும் மேலாக வேண்டியது, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கொழும்புத் தமிழர் கொடுக்க வேண்டியிருந்த பொலிஸ் பதிவுக்குச் சிங்களத்தில் ஃபோம் நிரப்பிக் கொடுத்த மனிதர். ஒழுங்கைக்கு ஒருவர் அப்படி இருந்தார். பென்சன்காரர், எழுத்து முத்து முத்தாக இருக்கும். யார் வீட்டில் எத்தனை பேர், யார் எந்த ஊர், யாருடைய மகன் திடீரென்று பட்டியலில் இல்லாமல் போனான், எல்லாம் அவருக்குத் தெரியும். சிலரிடம் காசு வாங்குவார், சிலரிடம் வாங்க மாட்டார், ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அவரை வைத்து யாராவது ஒரு நாவல் எழுதுங்கள். முதல் பிரதியைக் காசு கொடுத்தே வாங்குகிறேன், ஓசியில் கேட்க மாட்டேன்.