லூபிட்ஷ் எடுத்த, நமக்குக் கிடைக்காமல் போன படம்

ஹாலிவுட் இயக்குநர் எர்ன்ஸ்ட் லூபிட்ஷ் 1924 முதல் 1926 வரை வார்னர் பிரதர்ஸுக்கு எடுத்த மௌனப் படங்கள் ஐந்து. நான்கை இன்றும் பார்க்கலாம். 1925இல் வந்த ‘கிஸ் மி அகெய்ன்’ மட்டும் தொலைந்துவிட்டது. தொலைந்த படங்கள் என்று பேச்சு வந்தால் எல்லாரும் பிரம்மாண்டங்களைச் சொல்லித்தான் வருத்தப்படுகிறார்கள். எனக்கு, ஒரு வீட்டுக்குள் புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் நடக்கும் இந்த நகைச்சுவைப் படத்தை நினைத்துத்தான் மனசு ஆறவில்லை.

கதை பாரிஸில் நடக்கிறது. மனைவியாக மேரி பிரவோஸ்ட், கணவனாக மான்டி ப்ளூ. அவளுக்கு ஓர் இசைக்கலைஞன் மேல் மயக்கம். கணவன் கத்தவில்லை, கை ஓங்கவில்லை. விவாகரத்து வாங்கிக்கொண்டு அவனையே கட்டிக்கொள் என்று வழிவிடுகிறான். தடை விலகியதும் காதலன் சலித்துப்போகிறான். கையை விட்டுப் போகும் கணவன்மேல் அவளுக்கு ஆசை பிறக்கிறது. வக்கீல் ஆபீஸில் வேலை பார்க்கும் பெண்ணாக கிளாரா போ. ‘இட்’ படம் வந்து அவர் பெரிய நட்சத்திரமாக இன்னும் இரண்டு வருஷம் இருந்தது.

மூலம் 1880இல் பாரிஸில் மேடையேறிய சார்தூ, நஜாக் இருவரின் ‘திவோர்சோன்’ நாடகம். பிரான்ஸில் விவாகரத்து மறுபடி சட்டமானதே 1884இல்தான். தடம் மாறிய மனைவியைத் தண்டிக்காமல் அவள் பக்கத்து நியாயத்தையும் கேட்கிற கதை, அந்தக் காலத்திலேயே! இன்றைக்கும் அப்படி எழுதத் துணிகிறவர்கள் குறைவு என்பேன்.

கதைதான் தெரிகிறதே, அப்புறம் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். லூபிட்ஷ் விஷயத்தில் கதை தெரிந்து பயனே இல்லை. பிழைத்திருக்கும் ‘தி மேரேஜ் சர்க்கிள்’ படத்தின் ஆரம்பத்தைப் பாருங்கள். அடால்ஃப் மென்ஜூ காலையில் சாக்ஸ் போடுகிறார், அதில் ஓட்டை. தன் துணி வைக்கும் இழுப்பறையைத் திறந்தால் ஏறக்குறைய காலி. மனைவியின் இழுப்பறையில் துணி நிறைந்து கிடக்கிறது. அங்கேயும் மனைவி இதே பிரவோஸ்ட்தான். அந்தத் தாம்பத்தியம் எந்த நிலையில் இருக்கிறது என்று யாரும் வாய் திறந்து சொல்லவேண்டியதில்லை. இதைக் கதைச்சுருக்கத்தில் எழுதினால் ‘கணவனுக்கும் மனைவிக்கும் ஒத்துவரவில்லை’ என்று ஒரே வரி. ‘கிஸ் மி அகெய்ன்’ பற்றி நம் கையில் மிஞ்சியிருப்பது அந்த மாதிரி வரிகள்தான். பிரவோஸ்ட் எந்தக் கணத்தில் கணவனைப் புதிதாகப் பார்த்தார், பார்வையை எவ்வளவு நேரம் நிறுத்தினார் என்பதெல்லாம் படச்சுருளோடு போயிற்று.

லூபிட்ஷே 1941இல் இதே நாடகத்தை ‘தட் அன்சர்ட்டன் ஃபீலிங்’ என்று பேசும்படமாக எடுத்தார். மனைவிக்கு நிற்காத விக்கல் என்று ஆரம்பிக்கும். பர்ஜெஸ் மெரிடித் பியானோக்காரராக ரசிக்கும்படி நடித்திருப்பார். எனக்கும் பிடிக்கும். ஆனால் அதற்குள் ஹாலிவுட்டில் தணிக்கை விதிகள் இறுகிவிட்டன, முகம் செய்யவேண்டிய வேலையைப் பாதி வசனம் எடுத்துக்கொண்டது. அது இருக்கிறதே என்று யாராவது ஆறுதல் சொன்னால் என்னால் ஏற்க முடியவில்லை.

1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் வந்த முழுநீள மௌனப் படங்கள் ஏறக்குறைய 11,000. அவற்றில் வெளியானபடியே 35 மி.மீ. படச்சுருளில் முழுமையாக இருப்பது 14 சதவீதம் மட்டும் என்று 2013இல் அமெரிக்காவின் தேசிய நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அந்தக் காலத்துப் படங்கள் இருந்த நைட்ரேட் சுருள் சுலபமாகத் தீப்பிடிக்கும், தானாகவே மக்கும், அது உண்மை. அதோடு, பேசும்படம் வந்தபிறகு பழசில் காசில்லை என்று கருதி, சுருளில் இருக்கும் வெள்ளிக்காக அழித்தவர்களும் உண்டு. இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஜான் ஃபோர்டின் ‘அப்ஸ்ட்ரீம்’ 1927இல் வந்த படம். தொலைந்தது என்றே நினைத்திருந்தார்கள். அது நியூசிலாந்தில் இருப்பது 2010இல் தெரியவந்தது. அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பும் செலவுக்குக்கூடப் பெறாது என்று அங்கேயே விடப்பட்ட பிரதிகளில் ஒன்று. காப்பகங்களில் பெயர் தெரியாமல் கிடக்கும் பெட்டிகளைத் திறந்து, எந்தப் படம் என்று அடையாளம் காண ஆள் வேண்டும், பணம் வேண்டும். சினிமாவுக்கென்று யார் நிதி ஒதுக்கினாலும் முதல் பங்கு இந்த வேலைக்குப் போகவேண்டும்.