"மாநிலப் பட்டியல்" என்று சொல்லி அடைக்கப்படும் கதவு

"பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் உள்ளவை." ஒன்றிய சுகாதார அமைச்சகம் நாடாளுமன்றத்தில் அளிக்கும் பதில்களைத் தொடர்ந்து படித்துவரும் எவருக்கும் இந்த வாக்கியம் மனப்பாடமாகியிருக்கும். மாநில அரசுகளே சட்டமியற்றக்கூடிய துறைகள் என்று அரசமைப்புச் சட்டம் வகுத்திருப்பதுதான் மாநிலப் பட்டியல். மருத்துவர் பற்றாக்குறையைக் கேட்டாலும், மருந்துத் தட்டுப்பாட்டைக் கேட்டாலும், பெருந்தொற்றில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்டாலும் இந்த வாக்கியம் முன்னால் வந்து நிற்கிறது. பல நேரங்களில் பதில் அதோடு முடிந்தும்விடுகிறது. ஆண்டுக்கணக்கில் இதைப் படித்துப் படித்து எனக்குள் சேர்ந்துபோன ஆத்திரத்தை இனியும் அடக்கி வைக்க முடியவில்லை.

உடனடிக் காரணம் என் வீட்டில் நடந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்ட என் அம்மாவைச் சென்ற மாதம் எங்கள் பகுதி அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். அறுவை செய்ய மருத்துவர் இருந்தார், அரங்கும் இருந்தது. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் மட்டும் இல்லை. மூன்று மருத்துவமனைகளுக்கும் சேர்த்து ஒரே ஒருவர்தான் மாற்றி மாற்றி வருகிறார் என்றும், எங்கள் முறை வர ஐந்து நாட்கள் ஆகும் என்றும் செவிலியர் சொன்னார். அவர் மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. இரவு முழுவதும் ஒரு வார்டையே ஒற்றை ஆளாகச் சுமந்துகொண்டிருந்தவர் அவர். காலில் எடை கட்டித் தொங்கவிட்ட நிலையில் அம்மா முனகிக்கொண்டிருந்த அந்த ஐந்து இரவுகளில், வராந்தாவில் உட்கார்ந்து நாடாளுமன்ற இணையதளத்திலிருந்து சுகாதார அமைச்சகத்தின் பதில்களைக் கைப்பேசியில் இறக்கி ஒவ்வொன்றாகப் படித்தேன்.

ஒரு கேள்வி அவைக்கு வருவதற்கு எவ்வளவு உழைப்பு தேவைப்படுகிறது என்பதைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். உறுப்பினர் குறைந்தது 15 நாட்களுக்கு முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். அதன் பிறகு குலுக்கலில் அது தேர்வாக வேண்டும். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20, குறியிடாதவை 230 மட்டுமே ஏற்கப்படுகின்றன. நட்சத்திரக் குறி பெற்றவற்றுக்குத்தான் அமைச்சர் எழுந்து நின்று வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும், துணைக்கேள்வியும் கேட்கலாம். அவற்றிலும் பெரும்பாலானவை ஒரு மணி நேரக் கேள்வி நேரத்துக்குள் எட்டப்படுவதே இல்லை. இத்தனையையும் தாண்டி ஓர் உறுப்பினர் தம் கேள்வியை (அ), (ஆ), (இ), (ஈ) என்று நான்கு கூறுகளாகப் பிரித்து, எத்தனை பணியிடங்கள், எத்தனை காலி, ஏன் காலி, எப்போது நிரப்புவீர்கள் என்று தெளிவாகக் கேட்கிறார். பதிலோ "(அ) முதல் (ஈ) வரை" என்று தொடங்குகிறது. நான்கு கேள்விகளையும் ஒரே மூட்டையாகக் கட்டி, மாநிலப் பட்டியல் வாக்கியத்தை மேலே வைத்து, அதன் கீழே அமைச்சகத்தின் திட்டங்களின் பெயர்களை வரிசையாக அடுக்கிவிடுகிறார்கள். எந்தக் கூறுக்கு எது பதில் என்று தேடினால், (இ)க்கும் (ஈ)க்கும் பதிலே இல்லை என்பது தெரியவரும். இது கவனக்குறைவால் நேர்வதாக நான் நம்பவில்லை. கேட்டவரைக் களைப்படையச் செய்வதற்காகவே வளர்த்தெடுக்கப்பட்ட எழுத்துமுறை இது.

2021 ஜூலை 20 அன்று மாநிலங்களவையில் நடந்ததை என்னால் இன்றுவரை மறக்கவோ மன்னிக்கவோ முடியவில்லை. இரண்டாவது அலையில் ஆக்சிஜன் பற்றாக்குறையால் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கேள்விக்கு, சுகாதாரம் மாநிலங்களின் பொறுப்பு என்று தொடங்கிய எழுத்துப்பூர்வ பதில், ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்ததாகக் குறிப்பாக எந்த மாநிலமும் தெரிவிக்கவில்லை என்று முடிந்தது. அளித்தவர் சுகாதார இணையமைச்சர் பாரதி பிரவீன் பவார். அதற்கு இரண்டரை மாதங்களுக்கு முன்புதான் கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்ட மருத்துவமனையில் 24 மணி நேரத்துக்குள் 24 பேர் இறந்திருந்தார்கள். உயர் நீதிமன்றத்தின் முன் சென்ற விசாரணை அறிக்கை ஆக்சிஜன் இல்லாததே காரணம் என்று மே மாதத்திலேயே சொல்லியிருந்தது. டெல்லியில் ஏப்ரல் 23 இரவில் ஒரே மருத்துவமனையில் ஏறத்தாழ 20 பேர் இறந்ததையும், ஆக்சிஜன் அழுத்தம் குறைந்துபோனதையும் அந்த மருத்துவமனையின் மருத்துவரே ஊடகங்களிடம் சொன்னார். செய்தித்தாள் படிக்கும் பள்ளி மாணவனுக்குக்கூடத் தெரிந்திருந்த ஒன்று, நாட்டின் சுகாதார அமைச்சகத்துக்கு மட்டும் "தெரிவிக்கப்படவில்லை."

அந்தப் பதிலின் ஒவ்வொரு சொல்லும் அளந்து வைக்கப்பட்டிருப்பதுதான் என்னை அதிகம் கொதிக்க வைக்கிறது. இறப்புச் சான்றிதழில் எழுதப்படுவது நோயின் பெயர். குழாயில் ஆக்சிஜன் வந்ததா, வரவில்லையா என்று எழுதுவதற்கு அதில் கட்டம் கிடையாது. மாநிலங்கள் அனுப்பிய தினசரிக் கணக்கிலும் அப்படியொரு பத்தி இருக்கவில்லை. கேட்காத விவரத்தை யாரும் தரவில்லை என்று அவையில் சொல்வது, எழுத்தளவில் பொய்யாகாமல் போகலாம். தம் கண்ணெதிரே மூச்சுத் திணறிச் செத்தவர்களைப் பார்த்த குடும்பங்களின் முகத்தில் அறைவதற்கு அது நிகரானது. அதன் பிறகு எழுந்த கொந்தளிப்பில்தான் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார்கள். 19 மாநிலங்களும் ஒன்றியப் பகுதிகளும் பதில் அனுப்பியதாகவும், பஞ்சாப் மட்டுமே ஐயத்துக்குரிய நான்கு மரணங்களைத் தெரிவித்ததாகவும் அதே ஆண்டு டிசம்பரில் அமைச்சர் மன்சுக் மாண்டவியா மக்களவையில் சொன்னார். நாடு முழுவதற்கும் நான்கு.

இதில் மாநிலங்களும் குற்றவாளிகளே. செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் 2021 மே மாதத் தொடக்கத்தில் ஒரே இரவில் பத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தபோது, ஆக்சிஜன் பற்றாக்குறையே இல்லை என்றுதான் இங்குள்ள அதிகாரிகளும் சொன்னார்கள். ஆனால், ஆக்சிஜன் உண்மையில் மாநிலங்களின் கையில்தான் இருந்ததா? தொழிற்சாலைகளுக்கு ஆக்சிஜன் வழங்குவதை ஏப்ரல் 22 முதல் கட்டுப்படுத்தி உத்தரவிட்டது ஒன்றிய அரசு. எந்த மாநிலத்துக்கு எத்தனை டன், எந்த ஆலையிலிருந்து என்று ஒதுக்கீடு செய்ததும் அதே அரசுதான். டெல்லிக்கு நாளொன்றுக்கு 700 டன் தர வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் அந்த அரசுக்குத்தான் ஆணையிட்டது. பங்கிடும்போது தேசத்தின் சொத்தாக இருந்த ஆக்சிஜன், பிணங்களை எண்ணும்போது மட்டும் எப்படி மாநிலத்தின் பொறுப்பாக மாறியது?

இதே வாக்கியம்தான் 2020 செப்டம்பரிலும் பயன்பட்டது. கேள்வி நேரமே நீக்கப்பட்டு எழுத்துப்பூர்வ பதில்கள் மட்டும் அனுமதிக்கப்பட்ட கூட்டத்தொடர் அது. கொரோனாவால் இறந்த மருத்துவப் பணியாளர்களின் கணக்கு ஒன்றிய அளவில் பராமரிக்கப்படவில்லை என்று இணையமைச்சர் அஸ்வினி குமார் சௌபே தெரிவித்தார். அதற்கு அடுத்த ஓரிரு நாட்களில் இந்திய மருத்துவச் சங்கம் இறந்துபோன 382 மருத்துவர்களின் பட்டியலை வெளியிட்டது. ஒரு சங்கத்தால் எண்ண முடிந்ததை அரசால் எண்ண முடியவில்லை. பால்கனியில் நின்று கைதட்டச் சொன்னவர்கள், யாருக்காகக் கைதட்டச் சொன்னார்களோ அவர்களின் பிணங்களை எண்ணக்கூட முன்வரவில்லை.

மாநிலப் பட்டியலின் ஆறாவது பதிவில் பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் இருப்பது உண்மைதான். ஆனால் மருத்துவக் கல்வியும் மருத்துவத் தொழிலும், மாநிலம் விட்டு மாநிலம் தொற்று பரவாமல் தடுப்பதும், ஒன்றியமும் மாநிலமும் சேர்ந்து பொறுப்பேற்கும் பொதுப் பட்டியலில் இருக்கின்றன. நீட் தேர்வைத் திணிக்கும்போது மாநில உரிமை யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. தேசிய சுகாதார இயக்கத்துக்கு அறுபது விழுக்காடு நிதியை ஒன்றியமும் நாற்பது விழுக்காட்டை மாநிலமும் தருகின்றன. ஆக, அந்த இயக்கத்தின் கீழ் உருவான பணியிடம் காலியாகக் கிடந்தால் அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை இருவருக்கும் உண்டு. தகவலே கையில் இல்லை என்றும் சொல்ல முடியாது. கிராமப்புறச் சமுதாய சுகாதார நிலையங்களுக்குத் தேவையான சிறப்பு மருத்துவர்களில் ஏறத்தாழ எண்பது விழுக்காடு பற்றாக்குறை என்று 2021-22க்கான புள்ளிவிவர நூலில் அச்சிட்டிருப்பது அந்த அமைச்சகமேதான்.

எண்களைத் தரும்போதும் நேர்மை இல்லை. நாட்டில் 834 பேருக்கு ஒரு மருத்துவர் இருக்கிறார், ஆயிரத்துக்கு ஒருவர் என்ற உலக அளவுகோலை நாம் தாண்டிவிட்டோம் என்று பலமுறை அவையில் சொல்லப்பட்டது. 2022 ஜூன் நிலவரப்படி பதிவுசெய்த அலோபதி மருத்துவர்கள் 13,08,009 பேர். அவர்களில் எண்பது விழுக்காட்டினர் பணியில் இருப்பதாக வைத்துக்கொண்டு, ஆயுர்வேதம், சித்தா, ஹோமியோபதி முதலிய ஆயுஷ் மருத்துவர்கள் 5.65 லட்சம் பேரையும் கூட்டி எடுத்த எண்தான் இந்த 834. சித்த மருத்துவத்தின் மீது எனக்கு மரியாதை உண்டு. அதற்காக, என் அம்மாவின் அறுவை அரங்கில் மயக்க மருந்து செலுத்தும் இடத்தில் சித்த மருத்துவரைக் கொண்டுவந்து நிறுத்த முடியாது. ஆயுஷ் எண்ணிக்கையைக் கழித்துவிட்டு 140 கோடி மக்களுக்கு வகுத்துப் பார்த்தால், ஒரு மருத்துவருக்கு 1,300 பேருக்கு மேல் வருகிறார்கள். அவர்களும் பெருநகரங்களில் குவிந்து கிடக்கிறார்கள் என்பதை அந்தச் சராசரி மறைத்துவிடுகிறது.

மாநிலப் பட்டியல் என்று சொல்லவே வழியில்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு மதுரை எய்ம்ஸ் இருக்கிறது. முழுக்க முழுக்க ஒன்றிய அரசின் நிறுவனம் அது. 2015 நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாட்டுக்கு எய்ம்ஸ் அறிவிக்கப்பட்டது. 2019 ஜனவரி 27 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். அதன் பிறகு ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் தமிழக உறுப்பினர்கள் கேட்டார்கள். கட்டுமானத்துக்கான ஜப்பான் கடனையும் முதற்கட்டப் பணிகளையும் பற்றிய பதில்களே திரும்பத் திரும்ப வந்தன. எய்ம்ஸ் அமையும் தோப்பூரில் முதன்மைக் கட்டடப் பணி 2024இல்தான் தொடங்கியது. இதற்கிடையே 1,264 கோடி ரூபாய் மதிப்பீடு 1,977 கோடியாக உயர்ந்தது; 2022இல் சேர்ந்த முதல் ஐம்பது மாணவர்கள் இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்தில் படித்தார்கள். 2017 அக்டோபரில் அடிக்கல் நாட்டப்பட்ட இமாசலப் பிரதேசத்தின் பிலாஸ்பூர் எய்ம்ஸ், ஐந்தே ஆண்டுகளில், 2022 அக்டோபரில் திறக்கப்பட்டுவிட்டது. ஆகவே, கட்டத் தெரியாமலோ கட்ட முடியாமலோ நேர்ந்த தாமதம் இல்லை இது.

"தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையின் முன் வைக்கப்படும்" என்பது இன்னொரு வகைப் பதில். அப்படிச் சொன்னால் அது உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். மூன்று மாதங்களுக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது விதி. அதைக் கண்காணிக்கத் தனிக் குழுவே உண்டு. மாநிலப் பட்டியல் வாக்கியத்துக்கு அந்தச் சிக்கல்கூடக் கிடையாது. எந்த உறுதியும் தரப்படாததால் கண்காணிக்க எதுவும் மிஞ்சுவதில்லை. கோப்பு அங்கேயே மூடப்படுகிறது.

ஆறாம் நாள் காலையில் அம்மாவுக்கு அறுவை நடந்தது. இப்போது வாக்கர் பிடித்து மெல்ல நடக்கிறார். எங்கள் தொகுதி மக்களவை உறுப்பினருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். தேசிய சுகாதார இயக்கத்தின் நிதியில் எங்கள் மாவட்டத்துக்கு அனுமதிக்கப்பட்ட மயக்கவியல் மருத்துவர் பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, மீதி எந்தத் தேதியிலிருந்து காலியாக இருக்கின்றன என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். மூன்றையும் ஒரே கேள்வியின் கூறுகளாக எழுதாமல், மூன்று தனித்தனிக் கேள்விகளாகக் கொடுக்கும்படியும் வேண்டியிருக்கிறேன்.