மின்ட் பேக்கைப் பிரிக்கலாமா, கூடாதா?

நாணயம் சேகரிக்கும் நண்பர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் போகாது. நாணயச்சாலையிலிருந்து சீல் போட்டு வந்த செட்டை அப்படியே வைத்திருப்பதா, அல்லது காசுகளை வெளியே எடுத்துக் கேப்சூலில் (ஒரு காசு மட்டும் அடங்கும் கெட்டியான மூடிய பிளாஸ்டிக் கூட்டில்) போட்டுக்கொள்வதா? அனுபவசாலிகள் பலரும் புதியவர்களுக்குச் சொல்லும் பதில் ஒன்றுதான்: "பேக்கைத் தொடாதே, பிரித்தால் மதிப்பு போச்சு." எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. இந்தப் பேச்சை நம்பி நல்ல நல்ல ப்ரூஃப் நாணயங்கள் (சேகரிப்பவர்களுக்கென்றே கண்ணாடி மெருகோடு அடிப்பவை) பச்சைப் பிசுக்கு ஏறிப் பாழாவதைக் கண்காட்சி மேசைகளில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அதற்காக, செட்டை உடைத்து வெள்ளியை மட்டும் உருவிக்கொண்டு மிச்சத்தை உதிரியாகத் தள்ளிவிடும் வியாபாரத்தையும் என்னால் ஏற்க முடியாது. சொல்லப்போனால் அதுதான் இன்னும் பெரிய கேடு.

என் கட்சி இதுதான். ஒரு செட்டில் வந்த காசுகள் கடைசி வரை ஒரே செட்டாக இருக்க வேண்டும். ஆனால் அவை வந்த பிளாஸ்டிக்குக்குள்ளேயே கிடந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உறை காசைக் கெடுக்க ஆரம்பித்துவிட்டால் காசை வெளியே எடுத்துவிட வேண்டும். உறையைத் தூக்கிப் போடாமல் தனியாகப் பத்திரப்படுத்த வேண்டும். கை மாறும்போது இரண்டும் சேர்ந்தே மாற வேண்டும்.

முதலில் நம் நாட்டு செட்டுகளைப் பார்ப்போம். ப்ரூஃப் நாணயம் என்பது கடைக்காரர் கொடுக்கும் சில்லறையைத் துடைத்துப் பளபளப்பாக்கியது அல்ல. மெருகேற்றிய அச்சில், மெருகேற்றிய வில்லையை வைத்து, ஒன்றுக்கு மேற்பட்ட தடவை அழுத்தி எடுப்பது. பின்புலத்தில் முகம் பார்க்கலாம். அந்தப் பரப்பில் ஒரு விரல் பட்டால் போதும், வியர்வையில் உள்ள உப்பும் எண்ணெயும் நாளடைவில் ரேகையை உலோகத்திலேயே பதித்துவிடும். அப்புறம் எதைப் போட்டும் எடுக்க முடியாது. இதனால்தான் நாணயச்சாலைகள் இவற்றைத் தனியாக அடைத்து விற்கின்றன. ஆக, பேக்கிங் என்பது அழகுக்காகப் பிறந்ததில்லை. காசில் கை படாமல் இருக்கப் பிறந்தது. அந்த வேலையை அது இன்னும் செய்கிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

மும்பை நாணயச்சாலையின் பழைய செட்டுகளில் பெரிய வெள்ளிக் காசுகள் உண்டு. 1969 காந்தி நூற்றாண்டு 10 ரூபாய், 15 கிராம், அதில் 80 சதவீதம் வெள்ளி. 1970-இல் உலக உணவு வேளாண்மை நிறுவனத்துக்காக வந்த 10 ரூபாயும் அதே எடை, அதே கலவை. 1973-இல் உணவு உற்பத்தியைப் பெருக்கச் சொல்லும் 20 ரூபாய், 1974-இல் திட்டமிட்ட குடும்பத்தை வலியுறுத்தும் 50 ரூபாய், இரண்டும் பாதி வெள்ளி. வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் இந்த செட்டுகளுக்கு ஆபத்து வருகிறது. உறையைக் கிழித்து வெள்ளிக் காசை எடுத்துக்கொண்டு, கூட வந்த சின்ன அலுமினியப் பைசாக்களை ஒரு டப்பாவில் கொட்டிவிடுகிறார்கள். ப்ரூஃப் அலுமினியக் காசு மற்ற காசுகளோடு உரசி ஒரு வாரம் கிடந்தாலே அதன் கதை முடிந்தது. அவ்வளவு மென்மையான உலோகம் அது. நாணயத்தை உருக்குவதையும் அழிப்பதையும் 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டமே தடை செய்கிறது. ஆனால் செட்டைக் கலைப்பதற்குத் தடை எதுவும் இல்லை. அது சேகரிப்பவர்களின் மனசாட்சிக்கு விட்ட விஷயம்.

சின்னக் காசுகளுக்காக நான் ஏன் இவ்வளவு வாதாடுகிறேன் என்றால், அந்தக் காலத்து செட்டுகளில் பல காசுகள் செட்டுக்காக மட்டுமே அடிக்கப்பட்டவை. எழுபதுகளின் தொடக்கத்தில் சில ஆண்டுகள் ஒரு ரூபாய் நாணயம் கடைவீதிக்கு வரவே இல்லை. ரூபாய் என்றால் நோட்டுதான். அந்த ஆண்டுகள் பொறித்த ஒரு ரூபாய் ப்ரூஃப் செட்டுக்குள் மட்டும் இருந்தது. 1975-இல்தான் அது மறுபடி புழக்கத்துக்காக அடிக்கப்பட்டது. அப்படிப்பட்ட ஒரு ரூபாய் இன்று உதிரியாகக் கையில் கிடைத்தால், ஆண்டுக்குக் கீழே உள்ள, பம்பாயைக் குறிக்கும் 'பி' (B) எழுத்தைப் பார்த்து மும்பை ப்ரூஃப் என்று சொல்லிவிடலாம். அதுவரைக்கும் சரி. அது எந்த செட்டோடு வந்தது, கூட என்ன காசுகள் இருந்தன, உள்ளே வைத்த அட்டையில் என்ன அச்சிட்டிருந்தார்கள் என்பதெல்லாம் தொலைந்து போகும். அரசாங்கம் தன் காசுகளை உலகத்துக்கு எப்படிக் காட்ட விரும்பியது என்பதற்கு அந்த முழு செட்தான் சாட்சி.

பிரிட்டனில் இருந்து ஒரு உதாரணம். 1968-இல் அங்கே புதிய தசம நாணயங்களை ஒரு சின்ன நீல நிற உறையில் வைத்து விற்றார்கள். உள்ளே ஐந்து காசுகள். 5 பென்ஸ், 10 பென்ஸ் இரண்டிலும் 1968 என்று இருக்கும். அரை பென்னி, 1 பென்னி, 2 பென்ஸ் ஆகிய மூன்று வெண்கலக் காசுகளில் 1971 என்று இருக்கும். 1968-இல் விற்ற உறைக்குள் 1971 காசு! காரணம், பழைய பவுன், ஷில்லிங், பென்ஸ் கணக்கு முடிந்து தசமக் கணக்கு தொடங்கும் நாள் 1971 பிப்ரவரி 15 என்று முடிவு செய்திருந்தார்கள். அதற்கு முன் அந்த வெண்கலக் காசுகள் செல்லாது என்று உறையிலேயே எழுதியிருந்தது. மக்களைப் புதுக் காசுக்குப் பழக்குவதற்கான ஏற்பாடு. எண்ணிக்கை ஏராளம் என்பதால் இன்றும் இதற்குப் பெரிய விலை கிடையாது. ஆனால் அந்த உறை இல்லாமல் 1971 பென்னியை மட்டும் ஆல்பத்தில் செருகினால் அது வெறும் பென்னி. உறையோடு பார்த்தால் ஒரு நாடே கணக்கை மாற்றிக்கொள்ளத் தயாரான காலம் கண்ணுக்குத் தெரியும்.

அதே உறையின் பிளாஸ்டிக் நாள்பட்டுக் கெடுகிறது. உள்ளே இருக்கும் வெண்கலத்தில் பச்சை பூத்திருப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கதையைச் சொல்வதும் உறைதான், காசைத் தின்பதும் உறைதான். "தொடாதே" என்பவர்கள் இந்த இரண்டாவது பாதியைச் சொல்வதே இல்லை.

பச்சை பூப்பது ஏன்? மலிவான, வளையும் பிளாஸ்டிக் உறைகளில் பெரும்பாலும் பிவிசி இருக்கும். அது விறைப்பாக இல்லாமல் வளைய வேண்டும் என்பதற்காக ஒரு எண்ணெய்ப் பொருளைச் சேர்ப்பார்கள். வெயிலும் ஈரமும் பட்டு வருஷக்கணக்கில் ஆகும்போது அந்த எண்ணெய் வெளியே கசியும். பிளாஸ்டிக்கும் சிதைந்து அமிலத்தை விடும். அந்த அமிலம் செம்புள்ள காசைத் தொட்டால் பச்சைப் பிசின். வெள்ளிக்கு எதிரி வேறு. மலிவான அட்டை, பஞ்சு, ரப்பர், சாயம் போட்ட வெல்வெட் ஆகியவற்றில் கந்தகம் இருக்கக்கூடும். அது வெள்ளியைக் கறுக்கச் செய்யும். பாதி வெள்ளியும் மீதி செம்பு, நிக்கல், துத்தநாகமும் கலந்த நம் 100 ரூபாய் நினைவு நாணயங்கள் பலவும் இந்த இரண்டு பக்கத்து அடியையும் வாங்கும். சென்னை, நாகை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊரில் இரும்பு ஜன்னல் கம்பியே இரண்டு மழைக்காலம் தாங்காது. அங்கே ஒரு காசு ஐம்பது வருஷம் ரெக்சின் பெட்டிக்குள் இருந்தும் பழுதில்லாமல் இருந்தால் அது அந்தக் காசின் பாக்கியம்.

உறை காசை மாற்றுவது எப்போதும் கேடு என்றும் சொல்லிவிட முடியாது. அமெரிக்க நாணயச்சாலை 1947 முதல் 1958 வரை விற்ற ஆண்டு செட்டுகள் அட்டையில் துளை போட்டுச் செருகியவை. அந்த அட்டையில் இருந்த கந்தகம் வெள்ளிக் காசுகளின் மேல் மெதுவாகப் படிந்து நீலம், ஊதா, பொன்னிறம் என்று வண்ணம் ஏற்றியது. இன்று அந்த இயற்கையான நிறத்துக்கு ஆசைப்பட்டு அதிக விலை கொடுத்து வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த அட்டை ஒரு அத்தாட்சி. செயற்கையாக நிறம் ஏற்றிய காசு இல்லை என்பதைக் காட்ட அது உதவுகிறது. அப்படிப்பட்ட செட் கிடைத்தால் நானும் பிரிக்க மாட்டேன். பச்சைப் பிசுபிசுப்பு என்பது வேறு. அது உலோகத்தையே அரித்துக் குழி போடும்.

அதனால் ஒவ்வொரு செட்டையும் கையில் எடுத்துப் பாருங்கள் என்கிறேன். உறையை முகர்ந்து பாருங்கள். புது ரெயின்கோட் வாசனை அடித்தால் பிவிசி என்று சந்தேகப்படலாம். பிளாஸ்டிக் தொட்டால் ஒட்டுகிறதா, காசின் ஓரத்தில் மங்கலான படலமோ பச்சைப் புள்ளியோ தெரிகிறதா? தெரிந்தால் காத்திருக்கக் கூடாது. பிரிப்பதற்கு முன் முன்பக்கம், பின்பக்கம், சீல் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காட்டன் கையுறை போட்டு, ஓரத்தை மட்டும் பிடித்து எடுங்கள். பிசின் இருந்தால் கலப்பில்லாத அசிட்டோனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி முக்கி எடுக்கலாம். நகப்பூச்சு அகற்றும் திரவம் ஆகாது, அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்புப் பக்கம் போகாதீர்கள், சட்டென்று தீப்பற்றும் பொருள் அது. துணியால் துடைக்கவே வேண்டாம், தானாகக் காயட்டும். பிறகு காற்றுப் புகாத அக்ரிலிக் கேப்சூலிலோ மைலார் (பிவிசி இல்லாத பிளாஸ்டிக் படலம்) உறையிலோ போட்டு, செட்டின் எல்லாக் காசுகளையும் ஒரே பெட்டியில் வைத்து, பக்கத்தில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போடுங்கள். காலி உறையும் அட்டையும் இன்னொரு கவரில், அதே பெட்டியின் மேல்.

கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், புளி போட்டுத் தேய்க்காதீர்கள். விபூதி, எலுமிச்சை, பித்தளைப் பாத்திரம் துலக்கும் பொடி எதுவும் வேண்டாம். குத்துவிளக்குக்கு அது சரி. ப்ரூஃப் காசின் கண்ணாடிப் பரப்பை அது ஒரே நிமிடத்தில் கீறல் காடாக்கிவிடும். பச்சை பூத்த காசையாவது ஓரளவு மீட்கலாம். தேய்த்த காசை மீட்க வழியே இல்லை.

தனியார் கம்பெனிகள் அடைத்து விற்கும் செட்டுகள் பற்றியும் கேட்கிறார்கள். பளபளக்கும் அட்டையில் "உலக நாணயங்கள்" என்று போட்டு, சாதாரணமாகக் கிடைக்கும் காசுகளைச் செருகி விற்பது. அந்த அட்டைக்கு நான் எந்த மரியாதையும் கொடுப்பதில்லை. நாணயச்சாலைக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது, அட்டையின் தரமும் மோசம். தாராளமாகப் பிரியுங்கள். இதிலும் விதிவிலக்கு உண்டு. எண்பதுகளில் அமெரிக்காவின் ஃபிராங்க்ளின் மின்ட் என்ற தனியார் நிறுவனம் நாட்டுக்கு ஒரு உறை என்று தொடராக விற்றது. அந்த நாட்டின் புழங்காத காசுகளும், கூடவே அதே நாட்டின் தபால்தலையும் அஞ்சல் முத்திரையும் இருக்கும். அந்த முத்திரையில் தேதி இருக்கிறது, ஊர் இருக்கிறது. அதைக் கிழித்து எறிய எனக்கு மனம் வராது.

உறையின் மேல் கண்மூடித்தனமான நம்பிக்கை வைப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பழைய உறையில் வேறு காசை வைத்து மறுபடி ஒட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள். மும்பை நாணயச்சாலை செட் என்று உறையில் எழுதியிருக்கும். உள்ளே காசில் ஆண்டுக்குக் கீழே நட்சத்திரம் இருக்கும். நட்சத்திரம் ஹைதராபாத்தின் குறி, மும்பைக்குச் சாய்சதுரம். ப்ரூஃப் என்றால் பழையதில் 'பி' (B), பிற்காலத்தில் 'எம்' (M). உறையைப் பார்த்துப் பணம் கொடுப்பவர் இதைக் கவனிக்கவே மாட்டார். "சீல் பிரிக்காதது" என்ற ஒரு சொல்லுக்காக இரண்டு மடங்கு கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். காசைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

விலை குறையுமே என்பார்கள். சில செட்டுகளுக்குக் குறையும், மறுக்கவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரம் ஆண்டு நிறைவுக்காக 2010 என்று பொறித்து வந்த 1000 ரூபாய், 35 கிராம், 80 சதவீதம் வெள்ளி. அதை அசல் பெட்டியோடும் சான்றிதழோடும் விற்றால் ஒரு விலை, வெறும் காசாக விற்றால் வேறு விலை. ஆனால் நான் சொல்வது பெட்டியைத் தொலைக்கச் சொல்வது இல்லையே. கேப்சூலில் பழுதில்லாத காசு, பக்கத்தில் அதன் அசல் பெட்டி, சான்றிதழ், பிரிப்பதற்கு முன் எடுத்த படங்கள். இதோடு போனால் விவரம் தெரிந்தவர் நியாயமான விலை கொடுப்பார். சீல் பிரியாத பெட்டிக்குள் கறுத்துப்போன கோபுரத்துக்கு யார் கொடுப்பார்?

கடைசியாக நம் நாணயச்சாலைகளிடம் ஒரு கோரிக்கை. முகமதிப்பைவிடப் பல மடங்கு விலைக்கு இந்த செட்டுகளை விற்கிறீர்கள். கலைஞர் நூற்றாண்டு 100 ரூபாயில் "தமிழ் வெல்லும்" என்று தமிழிலேயே பொறித்ததைப் பார்த்து, வாழ்க்கையில் ஒரு காசுகூடச் சேகரிக்காதவர்கள் வாங்கி வீட்டில் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு பிவிசி தெரியாது, கந்தகம் தெரியாது. உறை என்ன பொருளால் ஆனது, எத்தனை ஆண்டு தாங்கும், எப்படி வைக்க வேண்டும் என்று அட்டையின் பின்பக்கம் நாலு வரி தமிழிலும் மற்ற மொழிகளிலும் அச்சிடுங்கள். பெட்டிக்குள் துணிக்குப் பதிலாக ஒவ்வொரு காசையும் தனித்தனிக் கேப்சூலில் வைத்துத் தாருங்கள்.

எழுபதுகளின் மும்பை செட் வீட்டில் வைத்திருப்பவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை அலமாரியைத் திறந்து பாருங்கள். உறையும் காசும் எப்படி இருக்கின்றன என்று படத்தோடு கீழே பதிவிடுங்கள். பச்சை தெரிந்தால் தயங்காமல் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.