டெட்ராய்ட்டின் பந்தூராக்காரர்களும் ‘அசல்’ என்ற தொல்லையும்

இரண்டு வாரமாகத் தூங்கும் முன் ஒரே குழுவைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவில் டெட்ராய்ட்டை ஊராகக் கொண்ட உக்ரைனிய பந்தூராக் குழு. கவிஞர் தராஸ் ஷெவ்சென்கோவின் பெயரைத் தாங்கியது. கட்டையான ஆண்குரல்கள் நாலு பகுதியாகப் பிரிந்து பாடும். பாடுகிறவர்களில் பலர் கையிலேயே வாத்தியமும் இருக்கும்.

பந்தூராவைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். அகன்ற உடம்பு, குட்டைக் கழுத்து. கழுத்தின் மேல் தடித்த தந்திகள், உடம்பின் மேல் விசிறி விரித்த மாதிரி மெல்லிய தந்திகள். இன்றைய மேடைப் பந்தூராவில் எல்லாம் சேர்த்து 60க்கு மேலும் வரும். வீணைபோல அழுத்தி வாசிப்பதில்லை. யாழ் மாதிரி, தந்திக்கு ஒரு சுரம். ஒன்றைச் சுருதி சேர்ப்பதே பெரும்பாடு. ஒரு குழுவுக்கே சேர்ப்பவர்களை நினைத்தால் தலை சுற்றுகிறது.

இதை ஒரு நண்பருக்கு அனுப்பினேன். இசை பற்றி நிறையப் படித்தவர். “நல்லா இருக்கு, ஆனா இது அசல் இல்லை” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எரிச்சல் வந்தது. அப்புறம் யோசித்தால், அவர் சொன்னதில் பாதி சரி.

பந்தூராவோடு ஊர் ஊராகப் போன கோப்ஸார்கள் தனியாகப் பாடியவர்கள். பெரும்பாலும் பார்வையற்றவர்கள். கட்டுக்கோப்பான சங்கங்களில் சேர்ந்து, குருவிடம் வருடக்கணக்கில் கற்றவர்கள். அவர்கள் பாடிய ‘தூமா’ என்ற நெடும்பாட்டுக்கு நிலையான தாளக்கட்டு கிடையாது. வரிகள் நீளும், குறுகும், பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவே போகும். அதை முப்பது பேர் ஒன்றாகப் பாடுவது எப்படி? 1908இல் நாட்டுப்பாடல் ஆய்வாளர் பிலாரெத் கொலெஸ்ஸா ஒலிப்பதிவுக் கருவியோடு போய் இந்தப் பாடகர்களை மெழுகு உருளைகளில் பதிந்தார். செலவுக்குப் பணம் தந்தவர்களில் கவிஞர் லெஸ்யா உக்ராயின்காவும் ஒருவர். அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு டெட்ராய்ட் குழுவைக் கேட்டால் இரண்டும் வேறு வேறு உலகம்தான்.

பந்தூராக் குழு என்பதே 20ஆம் நூற்றாண்டுப் புதுமை. 1902இல் உக்ரைனின் கார்கிவ் நகரில் நடந்த தொல்லியல் மாநாட்டில் பந்தூராக் கலைஞர் ஹ்னாத் ஹொத்கேவிச் கோப்ஸார்களைக் கூட்டி மேடையேற்றினார். 1918இல் கீவில் வசில் யெமெத்ஸ் ஒரு குழு தொடங்கினார். 1925இல் பொல்தாவாவில் இன்னொன்று. 1935இல் சோவியத் அரசு கீவ், பொல்தாவா குழுக்களை ஒன்றாக்கியது. ஸ்டாலின் புகழும் பாட்டுப் பட்டியலில் ஏறியது. ஹொத்கேவிச்சை 1938இல் சுட்டுக் கொன்றார்கள்.

அப்புறம் போர். ஜெர்மானியர் பிடித்த கீவில், குழுவைச் சேர்ந்த ஹ்ரிஹோரி கிதாஸ்தி மிச்சமிருந்தவர்களைத் திரட்டினார். 1942இல் அவர்களை ஹாம்பர்க்கில் ஒரு முகாமில் அடைத்தார்கள். பின்னர், ஜெர்மனிக்குக் கட்டாய வேலைக்குக் கொண்டுபோகப்பட்டிருந்த உக்ரைனியரின் முகாம்களில் அவர்கள் பாடினார்கள். போர் முடிந்து அகதி முகாம்கள். 1949இல் டெட்ராய்ட். நான் கேட்கிற குழு இதுதான்.

இந்த வரலாற்றைச் சொன்னதும் எல்லோரும் “மரபைக் காப்பாற்றினார்கள்” என்கிறார்கள். அந்தப் பாராட்டும் எனக்கு ஒப்பவில்லை. ஊறுகாய் ஜாடியா அது? நாடு இழந்தவர்கள் கொண்டுபோனது பழம்பொருள் இல்லை, முளைத்துச் சில பத்தாண்டுகளே ஆன ஒரு புது முயற்சி. அகதி முகாமில் உட்கார்ந்துகொண்டு ஹொன்சாரென்கோ சகோதரர்கள் பந்தூராவையே திருத்திச் செய்தார்கள், கார்கிவ் பாணி வாசிப்புக்கு. அதில் இரண்டு கையும் எல்லாத் தந்திகளுக்கும் போகும். உக்ரைனிலோ கீவ் பாணிதான் ஆட்சி செய்தது. அதில் இடது கைக்குப் பெரும்பாலும் கழுத்தின் மேலுள்ள தடித்த தந்திகள் மட்டும். கார்கிவ் பாணி, கார்கிவுக்கு வெளியே கடல் தாண்டித் தழைத்தது. 1991இல் குழு உக்ரைன் போய்ப் பாடியபோது, அங்கே பலருக்கு அது புதுசாகத்தான் கேட்டிருக்கும்.

எனக்கும் ஒரு குறை உண்டு. பல பத்தாண்டுகள் ஆண்களை மட்டும் வைத்தே நடந்த குழு இது. அதே காலத்தில் உக்ரைனில் பந்தூராவைக் கைக்கொண்டவர்களில் பெண்கள் ஏராளம். போர்வீரர் பாட்டு, அதனால் ஆண்குரல் என்கிற வாதம் என்னிடம் எடுபடாது. கண் தெரியாத கிழவர் ஒருவர் சந்தையில் உட்கார்ந்து பாடியதுதானே தொடக்கம்? வீரத்தோற்றம் மேடைக்காகச் சேர்ந்தது.

‘அசல்’ தேடுகிறவர்களுக்கும் புலம்பெயர்ந்தவர்களே விருந்து வைத்திருக்கிறார்கள். கிதாஸ்தி குடும்பத்தில், டெட்ராய்ட்டிலேயே பிறந்த ஜூலியன் கிதாஸ்தி, குழுவின் முழக்கத்தைக் கேட்டு வளர்ந்தவர். அவர்தான் பழைய தனிப்பாடகர்களின் பாணியைத் தோண்டி எடுத்துத் தனியாக வாசிக்கிறார். அதற்கு முன்பே நியூயார்க்கில் ஸினோவி ஷ்டொகால்கோ. தொழில் வைத்தியம். ஆனால் தூமாக்களைத் தானே பாடிப் பதிந்து வைத்துவிட்டு 1968இல் போய்ச் சேர்ந்தார்.

நேற்று நண்பருக்கு ஷ்டொகால்கோவை அனுப்பினேன். கூடவே குழுவின் பாட்டு ஒன்றையும் மறுபடி. முதலாவதற்கு இதயம் போட்டிருக்கிறார். இரண்டாவதைத் திறந்தே பார்க்கவில்லை.